பிள்ளையைப் பார்க்க வந்த வேன்

குமராட்சியிலிருந்து உள்ளே போகிற சாலையில், கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள் இளமதி. ஆள் ஒல்லி. குரல் மட்டும் கணீரென்று இருக்கும். சிதம்பரம் புறவழிச்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் அவளுக்கு வேலை. லாரிக்காரன் எவனாவது வாய்க்கு வந்தபடி பேசினால், "அண்ணே, டேங்க் மூடியத் தொறங்க, வாய மூடுங்க" என்பாள். பின்னால் நிற்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். புருஷன் செந்தமிழ்ச்செல்வன் அந்த வழியில் மினி பஸ் ஓட்டினான். அந்தப் பஸ்ஸில் போய் வந்துதான் இரண்டு பேருக்கும் பழக்கம், அப்புறம் கல்யாணம். இரண்டு வீட்டிலும் பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லை. அவளுக்குச் சிக்கல் இல்லாமல் நடந்த கடைசிக் காரியம் அதுதான் என்று நாத்தனார் தமிழ்ச்செல்வி பின்னாளில் சொன்னாள்.

எட்டாம் மாதத்தில் கால் வீங்கியது. செருப்பு ஏறவில்லை. மோதிரம் விரலை விட்டு வரவில்லை. தலைச்சன் பிள்ளைக்கு எல்லாருக்கும் அப்படித்தான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் அப்படிச் சொல்லவில்லை. பிரஷர் ஏறியிருக்கிறது, மாத்திரையை விடக்கூடாது, தலை வலித்தாலோ கண் மங்கினாலோ உடனே வந்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

தலை வலித்தது. ஆனால் அது கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறிய சமயம். மேற்கே அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாமல் ஊரே ஒரே தண்ணீராகக் கிடந்தது. ஆளாளுக்கு நெல் மூட்டையையும் ஆட்டையும் மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது, தலைவலி என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு பகல் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் கண் முன்னால் பொறி பொறியாகப் பறந்தது.

"மாமா, மின்மினிப் பூச்சி மாரி பறக்குது" என்று செல்வனிடம் சொன்னாள். அதுவரைதான் அவளுக்கு நினைவு. மற்றதெல்லாம் பிறத்தியார் சொல்லிக் கேட்டது. வலிப்பு வந்து கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்ததாம். டிராக்டர் டிரெய்லரில் பாயைப் போட்டுக் கிடத்தி, தண்ணீரில் ஓட்டி மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்தார்களாம். அங்கிருந்து ஆம்புலன்ஸில் சிதம்பரம். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண். பிறந்ததும் அழவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் டியூபும் ஒயருமாகக் கிடந்த மகளைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து முதல் தடவை பார்த்தபோது இளமதிக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. அந்தப் பயம் அப்புறம் அவளை விட்டுப் போகவேயில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, கடலூரிலிருந்து ஒரு பெண் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெயர் ஃபஹீமா. சின்ன வயசு, சிரித்த முகம். பிரசவத்தில் இப்படிச் சிக்கல் ஆனவர்களுடைய பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, பிள்ளைக்கு எட்டு வயது ஆகும்வரை வருஷம் ஒரு தடவை பார்ப்போம், இஷ்டம் இருந்தால் சேரலாம், வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றாள்.

"ஏன், எட்டு வயசுக்குள்ள என்னா ஆவும்?" என்று இளமதி கேட்டாள்.

"ஒண்ணும் ஆவாதுக்கா. சில பிள்ளைங்களுக்குப் பேச்சு, நடையெல்லாம் லேட்டா வரும். முன்னாடியே தெரிஞ்சா சரி பண்ணலாம்ல."

செல்வன் சரி என்றான். இளமதியும் சரி என்றாள். பிள்ளைக்கு அருள்மொழி என்று பெயர் வைத்தார்கள்.

அம்மாவும் அடிக்கடி பிரஷர் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சொல்லத்தான் செய்தார். இளமதி போனாள். கொஞ்சம் ஏற்றமாக இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் தலை கிறுகிறுத்தது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று சில மாதத்தில் விட்டுவிட்டாள். பிள்ளை குப்புற விழவில்லையே என்ற கவலையில், தன் உடம்பு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்து போனது.

வருஷா வருஷம் வேன் வந்தது. வெள்ளை வேன், ஃபஹீமா, அவள் தோளில் ஒரு பெரிய பை. பைக்குள் கலர் கட்டைகள், படப் புத்தகம், குட்டி மணி. பாயை விரித்துப் பிள்ளையை உட்கார வைத்து, பின்னால் நின்று மணியை ஆட்டுவாள். திரும்புகிறதா என்று பார்ப்பாள். கட்டையை அடுக்கச் சொல்வாள். நாய் எங்கே, பூ எங்கே என்று கேட்பாள். இளமதி பிள்ளையைப் பார்க்க மாட்டாள், ஃபஹீமாவின் முகத்தையே பார்ப்பாள். பேனா எங்கே தயங்குகிறது, புருவம் எப்போது சுருங்குகிறது என்று கவனித்துக்கொண்டே இருப்பாள். வேன் போன பிறகு அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது.

"வருசத்துக்கு ஒருக்கா வந்து என்னா கொறைன்னு தேடுறாங்களே, தேடத் தேட ஏதாவது வராதா?" என்பாள் தமிழ்ச்செல்வி. "வேணாம்னு சொல்லிடு இளமதி."

"சொல்லிட்டா மட்டும் கொற போயிடுமா அண்ணி?"

அருள்மொழி எல்லாவற்றிலும் தாமதம்தான். உட்கார்ந்தது தாமதம், நடந்தது தாமதம். மூன்று வயசு முடிந்தும் அம்மா, தண்ணி, வேணாம் என்பதைத் தாண்டி அவளிடமிருந்து சொல் வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள், ஆனால் எங்கேயோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி திரும்புவாள். இளமதி சிதம்பரத்தில் கடை கடையாக ஏறி, ஃபஹீமா பையில் இருப்பது போலவே கலர் கட்டைகள் வாங்கிவந்தாள். வேலை முடிந்து வந்ததும் பிள்ளையை உட்கார வைத்து அடுக்கப் பழக்கினாள். அடுத்த வருஷம் வேன் வந்தபோது அருள்மொழி கட்டைகளை மளமளவென்று அடுக்கிவிட்டாள். படத்தைக் காட்டிக் கேட்டதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஃபஹீமா கட்டைகளைப் பார்த்தாள், அப்புறம் இளமதியைப் பார்த்தாள். "வீட்ல சொல்லிக் குடுத்தீங்களாக்கா?"

இளமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அக்கா, இது பரீட்சை இல்ல. நீங்க மறைச்சா அவளுக்குத்தான் நஷ்டம்."

அந்த வருஷம் ஃபஹீமா உள்ளதை உள்ளபடி சொன்னாள். பேச்சில் பிள்ளை ரொம்பப் பின்தங்கியிருக்கிறாள், கடலூரில் பேச்சுப் பயிற்சி வகுப்பு இருக்கிறது, கூட்டிவர முடியுமா என்று கேட்டாள். முடியுமா என்ன, இளமதி தலையை அடகு வைத்தாவது கூட்டிப் போவாள். வகுப்பு நாளில் விடியும் முன் எழுந்து, சோறாக்கி, பஸ் பிடித்து, கடலூரில் பிள்ளையோடு உட்கார்ந்து, திரும்பி வந்து பங்க்கில் மாலை ஷிஃப்ட்டுக்கு நிற்பாள். புதுச்சத்திரம் தாண்டும்போதெல்லாம் பஸ்ஸிலேயே அருள்மொழிக்கு ஜன்னலைக் காட்டிச் சொல் சொல்லிக் கொடுப்பாள். மாடு. கொக்கு. ரயில் கேட். ஒரு நாள் பிள்ளை தானாக, "கேட் மூடிக்கிச்சு" என்றது. இளமதி பக்கத்தில் இருந்த அந்நியப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த வகுப்பில்தான் அமுதவல்லியோடு பழக்கம். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக்காரி. அவளுக்கும் பிரசவத்தில் வலிப்பு. அவளுடைய மகன் அறிவழகனுக்குக் கழுத்து நிற்கவில்லை, அத்தனை பெரிய பையனை இடுப்பிலேயே தூக்கிச் சுமப்பாள். இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

"ஒனக்குத் தலை வலிக்குமா இளமதி?" என்று ஒரு தடவை கேட்டாள் அமுதவல்லி.

"வலிக்காம? பெட்ரோல் நாத்தத்துல நின்னா வலிக்காதா?"

"நான் பெட்ரோல் பக்கமே போவல. எனக்கும்தான் வலிக்குது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டார்கள்.

அருள்மொழி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். மற்ற பிள்ளைகளைவிட மெதுவாகத்தான் படித்தாள், ஆனாலும் படித்தாள். பள்ளிக்கூடத்துக்காகக் கடலூர் வகுப்பை வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டதில் அமுதவல்லியைப் பார்க்க முடியாமல் போனது. பயம் கொஞ்சம் தளர வேண்டிய சமயம். ஆனால் இளமதிக்குத் தளரவில்லை. பிடரியில் யாரோ கை வைத்து அழுத்துகிற மாதிரி காலையில் எழும்போதே ஒரு வலி. பங்க்கில் மீட்டரில் ஓடுகிற எண் சில நேரம் இரண்டாகத் தெரிந்தது. செல்வன் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனான். கண்ணாடி போட்ட பிறகும் எண் இரண்டாகத்தான் தெரிந்தது. ஷிஃப்ட் முடிந்தால் ஷூ கழற்ற வராது. வெயில், நின்றே கிடக்கும் வேலை, தூக்கம் இல்லை என்று அவளே ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

பிள்ளைக்கு ஏழு முடிந்த வருஷம் வேன் ஊருக்கு வரவில்லை. எல்லாரும் கடலூருக்கு வாருங்கள், இந்தத் தடவை அம்மாக்களையும் பார்க்கிறோம் என்று ஃபஹீமா போன் பண்ணினாள். வகுப்பு இருக்கிற நாளாகப் பார்த்து இளமதி கிளம்பினாள்.

வராந்தாவில் அறிவழகனை மடியில் வைத்துக்கொண்டு அவனுடைய அப்பா ராஜமாணிக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். பையனுடைய தலை அவர் தோளில் சாய்ந்து கிடந்தது.

"அமுதா வரலீங்களாண்ணே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்குத் தெரியாதாம்மா? அவ போயி வருசம் ஆவுது. தலைவலின்னு மத்தியானம் படுத்தா. டீ போட்டு எடுத்துட்டுப் போயி எழுப்புறேன், எழுந்திரிக்கல."

இளமதி பையனின் காலைத் தடவிக்கொடுத்தாள். உள்ளே இன்னும் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கண்ணை ஓட்டினாள். முன்பு வகுப்பில் பார்த்த முகங்களில் சிலதைக் காணவில்லை. ஊர் மாறிப் போயிருப்பார்கள், நேரம் கிடைத்திருக்காது என்று நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஃபஹீமா அவளை உள்ளே கூப்பிட்டு, புஜத்தில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றினாள். காற்று ஏறியது, இறங்கியது. ஃபஹீமா பட்டையைக் கழற்றி அடுத்த கையில் சுற்றினாள். மறுபடியும் காற்று ஏறியது. அப்போதுதான் இளமதி அந்த முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக எந்த முகம் வந்துவிடக் கூடாது என்று பயந்துகொண்டே இருந்தாளோ, அந்த முகம். அது பிள்ளையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எவ்ளோ?"

"கொஞ்சம் உக்காருங்கக்கா. டாக்டரக் கூட்டியாறேன்."

ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் திருநாவுக்கரசு வந்தார். அவரே ஒரு தடவை பார்த்தார். நூற்றுத் தொண்ணூறுக்கு மேலே நின்றது. தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இளமதி தலையாட்டினாள்.

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா சார்."

அவர் பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்புறம் சொன்னார்: "பிரசவத்துல பிரஷர் ஏறி வலிப்பு வந்தவங்களுக்கு, அது அத்தோட முடியறதில்லம்மா. பின்னாடி திரும்பவும் ஏறும். நீங்க இப்பவே அட்மிட் ஆவணும்."

"சார், பாப்பாவுக்கு கிளாஸ் இருக்கு. முடிஞ்சதும் போறேன்."

"கிளாஸ் அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"ஒரு கிளாஸ் விட்டா அவ பின்னாடி போயிடுவா சார். ஒங்களுக்குத் தெரியாதது இல்ல."

இங்கேயே கடலூரில் சேர்ந்துவிடுங்கள் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அதற்கும் அவள் மசியவில்லை. யார் பிள்ளையைப் பார்ப்பது, சிதம்பரம் என்றால் அண்ணி வந்துவிடுவாள், அங்கேதான் போவேன் என்று பிடிவாதமாக நின்றாள். மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, செல்வனுக்குப் போன் போட்டு, வேனை எடுக்கச் சொல்வதற்குள் அருள்மொழியின் வகுப்பே முடிந்துவிட்டது. டாக்டரும் ஃபஹீமாவும் கூடவே ஏறிக்கொண்டார்கள். பிள்ளை நடு சீட்டில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தது.

ஆலப்பாக்கம் வரை இளமதி பேசிக்கொண்டுதான் வந்தாள். பங்க்கில் லீவு சொல்லவில்லை, அண்ணியிடம் பால் வாங்கி வைக்கச் சொல்ல வேண்டும், இப்படி. அப்புறம் அவள் பேச்சு கொழகொழவென்று ஆனது. ஃபஹீமா முன்சீட்டிலிருந்து திரும்புவதற்கு முன்னால் அருள்மொழி அவளைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

"அத்தை, அம்மா வாய் ஒரு பக்கமாப் போவுது!"

இளமதிக்கு அது காதில் விழுந்தது. என்னவென்று கேட்க வாயெடுத்தாள். உள்ளே சொல் இருக்கிறது, வெளியே வரவில்லை. வலது கையைத் தூக்கப் பார்த்தாள். மடியில் யாருடைய கையோ கிடப்பது போல அது அப்படியே கிடந்தது. வெளியே ரயில் கேட் ஓடி மறைந்தது. மகள் தன் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா பேசு, அம்மா பேசு" என்று அலறியதும், டாக்டர் டிரைவரை வேகமாகப் போகச் சொன்னதும் கேட்டது. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

மூளையில் ரத்தம் கசிந்திருந்தது. உடனே கொண்டு வந்ததால் உயிர் தங்கியது என்றார்கள் சிதம்பரத்தில். ஊரில் இருந்திருந்தால், பங்க்கில் நின்றிருந்தால் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. செல்வன் மட்டும் ராஜமாணிக்கத்தின் போன் நம்பரை ஃபஹீமாவிடம் கேட்டு வாங்கி, அவரோடு வெகுநேரம் பேசினான். என்ன பேசினான் என்று வீட்டில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த இளமதி வேறு ஆளாக இருந்தாள். வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். கை மடங்கியே இருந்தது. லாரிக்காரர்களை அடக்கியவளுக்கு, தண்ணி வேண்டும் என்று சொல்வதற்குள் வியர்த்துப் போனது. அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது, அருள்மொழி அவள் பக்கத்தில் வர மறுத்ததுதான். கோணிய வாயைப் பார்த்துப் பிள்ளை மிரண்டது. தமிழ்ச்செல்வியின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் மறுபடியும் பேசாமல் இருக்கிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினாள். பிறப்பின்போது நடந்ததை மட்டுமே எண்ணிப் பயந்திருந்த இளமதிக்கு, இப்படியும் ஒரு பின்னடைவு வரும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

மழைக்காலம் போய் அறுவடை முடிகிற வரைக்கும் அப்படியே போனது. ஒரு நாள் மத்தியானம் இளமதி இடது கையால் தலை வாரிக்கொள்ளத் திணறினாள். சீப்பு கீழே விழுந்தது. அருள்மொழி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, மெல்ல வந்து சீப்பை எடுத்து, அம்மாவின் தலையில் வைத்து ஒரு இழு இழுத்தாள். வலித்தது. இளமதி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஃபஹீமா அடிக்கடி வந்து போனாள், வேன் இல்லாமல் பஸ்ஸில். அப்படி ஒரு தடவை வந்தபோது, இளமதி ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துக் கேட்டாள்.

"இத்தன... வருசம்... வந்தீங்க. எங்கள... ஏன்... பாக்கல?"

ஃபஹீமாவின் கண் நிறைந்துவிட்டது. "பிள்ளைங்களப் பாக்கத்தான் அனுப்புனாங்கக்கா. நானும் உங்க பக்கத்துலயே உக்காந்து பாப்பாவையே பாத்துட்டிருந்தேன். நீங்க தலையப் புடிச்சிக்கிட்டு இருந்தது எல்லாம் இப்ப ஞாபகம் வருது. அல்லா மேல ஆணையா, அப்பத் தோணலக்கா."

இளமதிக்கும்தான் தோணவில்லை.

எட்டு வயது ஆனதும் ஆராய்ச்சி முடியும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். முடியவில்லை. பிள்ளைகள் பெரியவர்களாகும் வரை நீட்டியிருக்கிறார்கள், அம்மாக்களையும் சேர்த்துப் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்ல டாக்டர் திருநாவுக்கரசே ஊருக்கு வந்தார். கூட ஃபஹீமா. பையில் இந்தத் தடவை கட்டைகளைக் காணோம். ஒரு சின்னப் பட்டை இருந்தது. பிள்ளைகளின் புஜத்துக்கு ஏற்ற அளவு.

அதைப் பார்த்ததுமே இளமதி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அவளுக்கு... எதுக்கு?"

"அம்மாவுக்கு வந்திருந்தா பிள்ளைங்களுக்கும் வரலாம்மா. அப்படி ஒரு சந்தேகம் இருக்கு. எல்லாருக்கும் வராது" என்றார் டாக்டர்.

அருள்மொழி கையை நீட்டினாள். பட்டை உப்புவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு. காற்று இறங்கியது. ஃபஹீமா பட்டையைக் கழற்றி அடுத்த கையில் சுற்றினாள்.

இளமதி மகளைப் பார்க்கவில்லை. "மறைக்காம... சொல்லு" என்றாள்.

ஃபஹீமா டாக்டரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"இந்த வயசுக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான்க்கா. ஒரு தடவை பாத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனா விட்டுடக் கூடாது."

உப்பு கூடாதென்று அன்றோடு வீட்டில் அப்பளமும் ஊறுகாயும் நின்றன. செல்வன் தனக்கென்று ஒளித்துவைத்திருந்த கருவாட்டையும் தமிழ்ச்செல்வி தேடி எடுத்துப் போய்விட்டாள். சோறு சப்பென்று இருக்கிறது என்று அருள்மொழி தட்டைத் தள்ளினாள். இளமதி இடது கையால் தட்டை மறுபடி நகர்த்தி வைத்தாள். ஊரில் எந்தப் பெண் மாசமாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டாலும் காலை இழுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்று, "பிரஷர்... பாத்தியா?" என்று கேட்க ஆரம்பித்தாள். சிலர் அபசகுனம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

மாதம் பிறந்தால் அம்மாவும் மகளும் குமராட்சி சுகாதார நிலையத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போதெல்லாம் அருள்மொழிக்குப் பேச்சு சரளமாக வருகிறது. காலை ஆட்டிக்கொண்டே எதையாவது கேட்டுக்கொண்டிருப்பாள்.

"அம்மா, எனக்கும் பெரியவளானா பாப்பா பொறக்கும்ல?"

இளமதி தலையாட்டினாள்.

"அப்ப எனக்கும் ஒன்ன மாரி ஆவுமா?"

சொல்ல வேண்டியது இளமதியின் மனதில் தயாராக இருந்தது. வாய் அதைக் கூட்டி எடுத்து வருவதற்குள், உள்ளேயிருந்து நர்ஸ் அருள்மொழியின் பெயரைக் கூப்பிட்டாள். பிள்ளை பதிலுக்குக் காத்திருக்காமல் பெஞ்சிலிருந்து குதித்து ஓடியது.